பெற்றோலைப் பெருக்கியவர், புகைக்கும் பொறுப்பேற்றவர்: யூஜின் ஹூட்ரி

கடந்த ஆண்டு காரின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்காகப் புகைப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கார் தேறவில்லை. கையில் தந்த தாளில் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் இரண்டின் அளவும் வரம்பைத் தாண்டியிருந்தன. மூன்று பேரிடம் கைமாறி என்னிடம் வந்த பழைய ஜப்பான் கார் அது. செய்தி சேகரிக்க யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஓடும். சில வாரங்களாகவே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. கார் ஓடுகிறதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

முதலில் போன கராஜில் ஸ்கானரைப் பூட்டிப் பார்த்தார்கள். பி 0420 என்ற குறியீடு வந்தது. புகைக்குழாயின் நடுவில் இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, அதை மாற்றுவது. அதன் விலை என்னுடைய சில மாத வருமானம். மற்றது, பெட்டியை வெட்டித் திறந்து உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை ஒட்டிப் பூட்டுவது. பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள், கார் முன்னையைவிட இலகுவாக ஓடும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது கிளிநொச்சிப் பக்கத்தில் தனியாகக் கராஜ் நடத்தும் ஒரு வயதான அண்ணையிடம். போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்துப் பழகிய கை. அவரும் ஸ்கானரைத்தான் முதலில் பூட்டினார். ஆனால் ஒரு குறியீட்டோடு நிறுத்தவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. பி 0303. மூன்றாவது சிலிண்டரில் எரிதல் இடைக்கிடை தவறுகிறது என்று அது சொன்னது. முதல் கராஜில் அந்த வரியை யாரும் வாசிக்கவில்லை.

பிறகு எஞ்சினை இயக்கி, பெட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஒட்சிசன் சென்சர்களின் வரைபடத்தை எனக்குக் காட்டினார். முன்னால் உள்ள சென்சரின் கோடு மேலும் கீழும் துள்ள வேண்டும். பெட்டி நன்றாக வேலை செய்தால் பின்னால் உள்ளதன் கோடு கிட்டத்தட்ட ஆடாமல் நிற்க வேண்டும். என் காரில் இரண்டு கோடும் ஒன்றாகத் துள்ளின. அப்படியென்றால் பெட்டி செயலிழந்திருக்கிறது. ஆனால் அது ஏன் செயலிழந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பெட்டி பூட்டினால் அதுவும் சில மாதத்தில் போய்விடும் என்றார்.

முதலில் புகைக்குழாயின் மூட்டுகளில் எங்காவது காற்று கசிகிறதா என்று பார்த்தார். கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சரை ஏமாற்றும். கசிவு இல்லை. அடுத்துப் பிளக்குகளைக் கழற்றினார். மூன்றாவது பிளக் மட்டும் கறுத்து, பெற்றோலில் நனைந்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் பூட்டி, இரண்டாவதை மூன்றாவதில் பூட்டினார். இப்போது தவறுதல் இரண்டாவது சிலிண்டருக்கு மாறியது. குற்றவாளி கொயில்தான்.

பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெற்றோலும் பயன்படாத ஒட்சிசனும் அப்படியே புகைக்குழாய்க்குள் போகின்றன. முன்னால் இருக்கும் சென்சர் அந்த ஒட்சிசனைக் கண்டு பெற்றோல் போதவில்லை என்று நினைக்கிறது. காரின் கணினி இன்னும் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றுகிறது. எரியாத பெற்றோல் பெட்டிக்குள் போய் எரிய, அது அளவுக்கு மீறிச் சூடாகிறது. மிச்சம் கரியாகப் படிகிறது. இதே நிலையில் ஓடினால் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிக் கட்டியாகிவிடும்.

கொயிலையும் நான்கு பிளக்குகளையும் மாற்றினார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு ஏ-9 வீதியில் மாங்குளம் வரை ஒரே சீரான வேகத்தில் ஓட்டிப் போய்த் திரும்பினார். பெட்டி உருகியிருக்காவிட்டால், நன்றாகச் சூடேறும்போது படிந்த கரி எரிந்து போகும் என்பது அவருடைய கணக்கு. திரும்பி வந்து பார்த்தபோது பின் சென்சரின் கோடு பெரும்பாலும் அடங்கியிருந்தது. அடுத்த கிழமை புகைப் பரிசோதனையில் கார் தேறியது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பெட்டி போயிருக்கும் என்று அண்ணை எச்சரித்துத்தான் அனுப்பினார்.

உடைத்துக் கொட்டச் சொன்ன அந்தப் பெட்டியை யார் கண்டுபிடித்தார்கள் என்று அன்றிரவு தேடினேன். கிடைத்த பெயர் யூஜின் ஹூட்ரி. அவருடைய வாழ்க்கையை வாசிக்க வாசிக்க, பெற்றோல் இல்லாமல் பல வருடங்கள் அவதிப்பட்ட எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கதை என்று தோன்றியது.

தாங்கிகளைத் திருத்தியவர்

ஹூட்ரி 1892 ஏப்ரல் 18-ஆம் திகதி பரிஸ் நகருக்கு அருகே டொமோன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் உருக்குத் தொழில் நடத்திய வசதியானவர். மகன் பரிஸில் இயந்திரப் பொறியியல் படித்து, 1911-இல் வகுப்பில் முதலாவதாக வந்து தங்கப்பதக்கம் பெற்றார். குடும்பத் தொழிலுக்குள் போய் அமைதியாக வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை. 1914-இல் முதலாம் உலகப்போர் வந்தது.

பீரங்கிப் படையில் இருந்த அவர் பிறகு பிரான்ஸ் புதிதாக உருவாக்கிய தாங்கிப் படைக்கு மாறினார். 1917 ஏப்ரலில் ஜுவன்கூர் என்ற இடத்தில் பிரெஞ்சுத் தாங்கிகள் முதன்முதலாகக் களமிறங்கின. அது பேரழிவாக முடிந்தது. போன நூற்றுக்கு மேற்பட்ட தாங்கிகளில் பாதிக்கும் மேல் இழக்கப்பட்டன. எதிரியின் எறிகணைகள் பட்டு எரிபொருள் தீப்பற்ற, உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து எரிந்த தாங்கிகள் பல. அந்தக் களத்தில் எறிகணை வீச்சுக்கு நடுவில் பழுதான தாங்கிகளைத் திருத்தும் வேலையை ஒழுங்குசெய்தார் ஹூட்ரி. கடுமையாகக் காயப்பட்டார். அதற்காக அவருக்குப் போர்ச் சிலுவை விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

போர் அவரை இயந்திரங்களிலிருந்து விலக்கவில்லை. பந்தயக் கார்களில் மோகம் இருந்தது. 1922-இல் அமெரிக்கா போனபோது இண்டியானாபொலிஸ் 500 மைல் கார்ப் பந்தயத்தைப் பார்த்தார், டிட்ரொயிட்டில் போர்ட் கார்த் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு விடயம் உறைத்தது. எஞ்சின்கள் வேகமாக முன்னேறுகின்றன, ஆனால் அவற்றுக்குள் ஊற்றும் பெற்றோல் முன்னேறவில்லை. தரமற்ற பெற்றோல் எஞ்சினுக்குள் நேரம் தவறி வெடித்துத் தட்டும். எஞ்சினின் சக்தியைக் கூட்டவிடாமல் அது தடுத்தது.

தட்டுதல் என்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. நான் வன்னியில் வளர்ந்த காலத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஒரு சிறிய போத்தலில் சொட்டுப் பெற்றோல் இருக்கும். அதைக் காபரேற்றருக்குள் கொடுத்து ஸ்ராட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவார். அரிசி மூட்டையோடு போனால் எஞ்சின் தட்டித் தட்டி இழுக்கும். வெள்ளைப் புகை பின்னால் வரும். அடிக்கடி வழியில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டிப் பூட்டுவார். அந்தப் புகையின் மணம் சட்டையில் ஒட்டிக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராத நிலத்தில், ஓடுவதே பெரிது. புகையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

கரியை எரித்துப் பார்த்த யோசனை

முதலாம் உலகப்போர் முடிந்த பிறகு பிரான்சுக்கும் இப்படியொரு பயம் இருந்தது. அந்த நாட்டில் எண்ணெய் வளம் மிகக் குறைவு. இன்னொரு போர் வந்து கடல்வழி அடைபட்டால் வாகனங்களுக்கு என்ன ஊற்றுவது? நீஸ் நகரத்து மருந்தாளர் ஒருவர் பழுப்பு நிலக்கரியிலிருந்து ஊக்கி மூலம் பெற்றோல் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்திருப்பதாக ஹூட்ரிக்குத் தகவல் கிடைத்தது. ஊக்கி என்பது நாங்கள் பாடசாலையில் படித்ததுதான். தான் செலவாகாமல் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள். ஹூட்ரி தன் காலத்தையும் குடும்பப் பணத்தையும் அதில் இறக்கினார். 1929-இல் நாளொன்றுக்கு 60 தொன் நிலக்கரியைக் கையாளும் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. பெற்றோல் வந்தது. ஆனால் கட்டுப்படியாகவில்லை. அரசாங்கம் கைவிட்டது. ஆலை மூடப்பட்டது.

அதே காலத்தில் அவர் இன்னொரு பாதையிலும் போய்க்கொண்டிருந்தார். மசகு எண்ணெயை வடித்தால் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரிந்த பிறகு கனமான எண்ணெய் எஞ்சும். அதன் பெரிய மூலக்கூறுகளை உடைத்தால் மேலும் பெற்றோல் கிடைக்கும். வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உடைக்கும் முறை ஏற்கெனவே இருந்தது, ஆனால் அதில் கிடைத்த பெற்றோல் தரம் குறைந்தது. ஹூட்ரி நூற்றுக்கணக்கான பொருட்களை ஊக்கியாகப் பரிசோதித்தார். கடைசியில் பலன் தந்தது சிலிக்காவும் அலுமினாவும் கலந்த ஒருவகைக் களிமண்.

களிமண்ணிலும் ஒரு சிக்கல் இருந்தது. சில நிமிடங்களிலேயே அதன்மேல் கரி படிந்து வேலை நின்றுவிடும். வேறு ஒருவர் என்றால் அந்தக் களிமண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றைத் தேடியிருப்பார். ஹூட்ரி அதன்மேல் சூடான காற்றைச் செலுத்திக் கரியை எரித்துப் பார்த்தார். களிமண் பழையபடி வேலை செய்தது. ஊக்கி இறக்கவில்லை, அதன் முகத்தை மட்டும் கரி மூடியிருந்தது. பல கொள்கலன்களை வரிசையாக வைத்து, ஒன்றில் எண்ணெய் உடையும்போது இன்னொன்றில் கரியை எரிப்பது, பிறகு மாற்றிக்கொள்வது என்று ஒரு சுழற்சியை அமைத்தார். கரி எரியும் வெப்பத்தையும் வீணாக்காமல் பயன்படுத்தினார். ஏ-9 வீதியில் அந்த அண்ணை என் காரை ஓட்டியது இந்த உண்மையை நம்பித்தான். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்திய ஆய்வுகூடத்துப் பாடம் கிளிநொச்சிக் கராஜில் இருந்தது.

1930-இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்று அவரை அழைத்தது. பிரான்சில் கையில் இருந்ததெல்லாம் கரைந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கா போனார். அங்கேயும் பொருளாதார மந்தம் பிடித்திருந்தது. கூட்டாளி நிறுவனங்கள் மாறி, பணம் தட்டுப்பட்டு, 1937-இல்தான் பென்சில்வேனியா மாநிலத்தின் மார்க்கஸ் ஹூக்கில் முழு அளவிலான ஹூட்ரி ஆலை இயங்கத் தொடங்கியது. கனமான எண்ணெயில் ஏறக்குறைய பாதி, தட்டாத உயர்தரப் பெற்றோலாக வெளிவந்தது. எண்ணெய்த் தொழிலில் இருந்தவர்கள் எதிர்பாராத பாய்ச்சல் அது. இன்று உலகின் பல பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில், ஹூட்ரி தொடக்கிவைத்த ஊக்கி முறையின் வழிவந்த ஏதோவொரு முறை இருக்கும்.

நாடற்றவரும் வானூர்திப் பெற்றோலும்

1940-இல் பிரான்ஸ் ஹிட்லரின் படைகளிடம் வீழ்ந்தது. விஷி நகரில் அமைந்த அரசு ஜெர்மனியோடு ஒத்துப்போனது. அமெரிக்காவில் இருந்த ஹூட்ரி அந்த அரசை ஏற்க மறுத்து, டி கோலின் விடுதலைப் பிரான்சை ஆதரித்து, பிரான்ஸ் போரெவர் என்ற அமைப்பின் தலைவரானார். விஷி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. ஒரு போரில் காயப்பட்டு விருது பெற்றவர், அடுத்த போரில் அதே நாட்டின் அரசால் துரோகியாக்கப்பட்டார். 1942-இல் அமெரிக்கக் குடிமகனானார்.

அவருடைய முறை அப்போது போரின் மிக முக்கியமான பொருளை உற்பத்தி செய்துகொண்டிருந்தது. நேச நாடுகளின் போர் விமானங்களுக்கு 100 ஒக்டேன் பெற்றோல் தேவைப்பட்டது. அது இருந்தால் அதே எஞ்சின் கூடுதல் சக்தி தரும், விமானம் வேகமாக ஏறும், கூடுதல் சுமை தூக்கும். அமெரிக்கா போரில் இறங்கிய ஆரம்ப வருடங்களில் ஊக்கி முறையில் தயாரான விமானப் பெற்றோலின் பெரும்பகுதி ஹூட்ரி ஆலைகளிலிருந்து வந்தது. தென்கிழக்காசியாவின் இரப்பர் தோட்டங்களை ஜப்பான் பிடித்தபோது, செயற்கை இரப்பருக்குத் தேவையான பியூட்டடைனைத் தயாரிக்கும் முறை ஒன்றையும் அவர் உருவாக்கினார். அந்த வருடங்களில் நேச நாடுகளின் இயற்கை இரப்பருக்கு மிஞ்சிய முக்கிய இடங்களில் ஒன்று இலங்கை.

இந்த இடத்தை நான் வேகமாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஹிட்லரைத் தோற்கடித்த விமானங்கள் இந்தப் பெற்றோலில் பறந்தன. ஹம்பேர்க்கையும் டிரெஸ்டனையும் டோக்கியோவையும் எரித்த குண்டுவீச்சு விமானங்களும் உயர் ஒக்டேன் பெற்றோலில்தான் பறந்தன. விமானத்தின் இரைச்சல் கேட்டதும் புத்தகப்பையோடு பங்கருக்குள் குதித்துப் பழகியவள் நான். வானத்தில் போகும் விமானத்துக்கு யார் எரிபொருள் தயாரித்தார், அவர் நல்லவரா கெட்டவரா என்று பங்கருக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே ஹூட்ரியை ஒரு புனிதராக எழுத என்னால் முடியாது. அவர் போருக்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் என்னை அவரிடம் கூட்டிப்போனது.

தான் பெருக்கிய புகை

போர் முடிந்த சில வருடங்களில் அமெரிக்க வீதிகள் கார்களால் நிரம்பின. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கண்ணை எரிக்கும் பழுப்பு மூட்டம் இறங்கியது. அந்த மூட்டத்துக்கு மூலம் என்ன என்பதில் தொடக்கத்தில் குழப்பம் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், வாகனங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் வெளிவிடும் ஐதரோகாபனும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் சேர்ந்து அந்த மூட்டத்தை உருவாக்குவதைக் காட்டினார்.

ஹூட்ரிக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. செல்வமும் பெயரும் இருந்தன. தன் பெயரிலான நிறுவனத்தின் தலைமையிலிருந்து விலகியிருந்தார். ஓய்வெடுக்காமல் ஒக்ஸி-கற்றலிஸ்ற் என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். நுரையீரல் புற்றுநோய் அதிகரித்துவருவது அவரை உறுத்தியது. வாகனப் புகைக்கும் தொழிற்சாலைப் புகைக்கும் அதில் பங்கிருக்குமோ என்ற கேள்வி அவரிடம் இருந்தது. அதுவரை ஊக்கியைக் கொண்டு பெற்றோலைப் பெருக்கியவர், இப்போது அதே ஊக்கியைக் கொண்டு பெற்றோல் விட்டுப்போகும் நஞ்சை எரிக்கப் புறப்பட்டார்.

யோசனை எளிமையானது. எஞ்சினுக்குள் முழுதாக எரியாமல் வெளியே வரும் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் தாமாக எரியவேண்டுமானால் மிக அதிக வெப்பம் தேவை. பிளாற்றினம் போன்ற உலோகத்தை அலுமினாமேல் மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் புகையைச் செலுத்தினால் குறைந்த வெப்பத்திலேயே எரிந்துவிடும். மூச்சை அடைத்துக் கொல்லும் காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகும். ஐதரோகாபன் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறும். இதை வாகனத்தின் புகைக்குழாய்க்குள் பொருத்தும் அமைப்புக்கு 1956-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

பெட்டி வேலை செய்தது. ஆனால் கார்களில் நிலைக்கவில்லை. காரணம் பெட்டிக்குள் இல்லை, பெற்றோலுக்குள் இருந்தது.

எஞ்சின் தட்டுவதை நிறுத்த ஹூட்ரி கண்டது களிமண் வழி. அதற்கு முன்னரே, 1921-இல், அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர் இன்னொரு வழி கண்டிருந்தார். ஈயச் சேர்மம் ஒன்றைப் பெற்றோலில் கொஞ்சம் கலந்தால் தட்டுதல் நின்றுவிடும். மலிவான வழி. 1923 முதல் விற்பனைக்கு வந்து உலகமெங்கும் பரவியது. அந்த ஈயம் மனித உடலுக்கு நஞ்சு, குழந்தைகளின் மூளைக்கு இன்னும் மோசமான நஞ்சு. ஊக்கிக்கும் அது நஞ்சு. புகையோடு வரும் ஈயம் பிளாற்றினத்தின்மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. கரியை எரித்து விரட்டிய ஹூட்ரியால் ஈயத்தை அப்படி விரட்ட முடியவில்லை.

ஈயம் கலக்காத எரிபொருளில் ஓடும் இயந்திரங்களுக்கு மட்டும் அவருடைய பெட்டி பயன்பட்டது. களஞ்சியசாலைகளுக்குள் சுமை தூக்கும் வண்டிகள், சுரங்கங்களில் ஓடும் இயந்திரங்கள், தொழிற்சாலைப் புகைபோக்கிகள். மூடிய இடத்தில் வேலை செய்யும் தொழிலாளிகளின் மூச்சை அவை காத்தன. வீதியில் ஓடிய கோடிக்கணக்கான கார்களில் அது பொருத்தப்பட்டதை அவர் பார்க்கவில்லை. 1962 ஜூலை 18-ஆம் திகதி, எழுபதாவது வயதில் பென்சில்வேனியாவில் இறந்தார்.

அவர் இறந்த பிறகு

1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் பெரும்பாலானவை ஊக்கிப் பெட்டியோடு வெளிவந்தன. பெட்டியைக் காப்பாற்ற ஈயமற்ற பெற்றோல் நிலையங்களில் கிடைக்க வேண்டியிருந்தது. ஈயத்தை முழுதாக விரட்ட மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் நீண்டகாலம் போராடவேண்டியிருந்தது உண்மை. ஆனால் ஈயத்தால் தோற்ற அந்தப் பெட்டியும் ஈயத்தை வெளியேற்றிய காரணங்களில் ஒன்றானது. 1970களின் பிற்பகுதியில் ஒட்சிசன் சென்சர் வந்தது. அதன் துணையோடு நைதரசன் ஒட்சைட்டுகளையும் சேர்த்து மூன்று வகை நஞ்சையும் குறைக்கும் இன்றைய பெட்டி உருவானது. என் காரின் அடியில் இருப்பது அதுதான். உலகில் கடைசியாக வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே 2021-இல் நின்றது.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002-இல் கைவிடப்பட்டது. போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏ-9 வீதி திறந்து, வன்னிக்குள் பெற்றோல் தாராளமாக வந்ததும் அதே வருடம்தான். அப்பா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயிலிருந்து பெற்றோலுக்கு மாற்றிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. புகை மணக்காத சட்டையோடு பள்ளிக்கூடம் போனதும் நினைவிருக்கிறது. சில வருடங்களில் பாதை மறுபடி மூடப்பட்டது. மறுபடி மண்ணெண்ணெய் வந்தது. போர் முடிந்த பிறகும், 2022-இல் பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் தெற்கிலிருந்தவர்களும் நின்றார்கள். எங்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை.

பெற்றோல் கிடைப்பதே பெரிது என்று வாழ்ந்த மக்களிடம் புகைப்பெட்டியைப் பற்றிப் பேசுவது வசதியானவர்களின் கவலை போலத் தெரியலாம். நானும் அப்படித்தான் நினைத்து மஞ்சள் விளக்கை அலட்சியம் செய்தேன். ஹூட்ரியின் வாழ்க்கை அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்தது. தட்டுப்பாடு எப்படியிருக்கும் என்று பயந்த நாட்டிலிருந்து வந்தவர் அவர். பெற்றோலைப் பெருக்குவதில் பாதி வாழ்நாளைச் செலவழித்தார். பெற்றோல் பெருகிய பிறகு, என் வேலை முடிந்தது, புகை மற்றவர்களின் பிரச்சினை என்று இருந்துவிடவில்லை. அதை நான் பாவமன்னிப்பு என்று எழுத மாட்டேன். அவருடைய மனதுக்குள் என்ன இருந்தது என்பதை யாரும் அளக்க முடியாது. செய்த வேலைதான் கண்முன் இருக்கிறது.

பெட்டியை உடைத்துக் கொட்டிவிட்டு ஓடும் வாகனத்தில் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. புகை அவருக்குப் பின்னால்தான் போகிறது. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும், வீதியோரத்தில் மரக்கறி விற்கும் அம்மாமாரும், வாகனத்துக்குப் பின்னால் சைக்கிளில் வருபவரும்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். எறிகணைத் துண்டுகளையும் சிதைந்த நுரையீரல்களையும் இன்னும் உடம்பில் சுமந்துகொண்டிருக்கும் மனிதர்கள் எங்கள் வீதிகளில் நடக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு புகை தேவையில்லை.

ஆகவே அந்த அண்ணையிடம் கற்றுக்கொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் விளக்கு எரிந்தால் உடனே காட்டுங்கள். ஸ்கானரில் வரும் எல்லாக் குறியீடுகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள், ஒன்றோடு நிறுத்தவிடாதீர்கள். பெட்டி போய்விட்டது என்று சொன்னால், ஏன் போனது என்று கேளுங்கள். பிளக், கொயில், புகைக்குழாய்க் கசிவு, எஞ்சின் ஒயில் எரிகிறதா என்பது எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பெட்டியில் கைவைக்க வேண்டும். மாற்றத்தான் வேண்டுமென்றால், காரணத்தைத் திருத்திவிட்டு மாற்றுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அந்த நேரமே எரியாத பெற்றோல் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியே இழுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

என் காரிலிருந்து கழற்றிய கொயிலை அண்ணை தூக்கி எறியவில்லை. மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார். பெட்டியை மாற்றச் சொல்லி யாராவது வந்தால், முதலில் அதை எடுத்துக் காட்டுவாராம்.